ஏன்காரி மிதிச்ச ஊருணி

வாங்க தாயி, வாங்க. இந்த வேப்ப நெழலுக்கு வந்து ஒக்காருங்க. டிரைவர் தம்பி டயர உருட்டிக்கிட்டு மெயின்ரோட்டுக்குப் போயிருக்காரு. பஞ்சர் ஒட்டி, காத்தடிச்சு, அங்கனயே ஒரு டீயும் வடையும் முடிச்சுட்டுத்தான் திரும்புவாரு. ஸ்டெப்னி இல்லாம பதினாலு பொம்பளைகள ஏத்திக்கிட்டு நடவு வேலைக்குக் கெளம்புன மகராசன் வேற எப்படி இருப்பாரு?

அந்தப் பானையில தண்ணி இருக்கு, மோந்து குடிங்க. ஊருணித் தண்ணிதான், பயப்படாதீக. எங்க ஊருக்குக் குழாய்த் தண்ணியும் வருது, இல்லைங்கல. ஆனா அதுல பருப்பு வேகாது. இதுல போட்டா ஒரு கொதியில மலர்ந்துரும்.

என்னத்தா கேட்ட? ஊருணி வெறும் சேறாக் கெடக்கு, ஊர்ச்சனம் பூராவும் கரையில நின்னு ஏன் எங்களையே பாக்குதுன்னா? பரவாயில்லையே. வந்து ஒக்காரல, அதுக்குள்ள ஒரு ஏன் கேட்டுட்ட. ஒம் பேரென்ன? மலையரசியா? நல்லாருக்கு. நீ கேட்டதுக்குப் பதில் ஒரு கதையில இருக்கு. டயரு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன். நடுவுல எவளாவது கொட்டாவி விட்டா எந்திரிச்சுப் போயிருவேன். எனக்கு அந்தக் கோவம் உண்டு, இப்பவே சொல்லிட்டேன்.

அது எந்தக் காலம்னு கேட்டா எனக்குத் தெரியாது, எங்கப்பனுக்கும் தெரியாது. தீப்பெட்டி வராத காலம். ஒரு வீட்டு அடுப்புல இருந்து இன்னொரு வீட்டுக்குக் கொட்டாங்கச்சியில கங்கு வாங்கிட்டுப் போன காலம்னு சொல்லுவாக. அந்தக் காலத்துல இதே முள்ளிக்கரிசல்ல நாப்பது வீடு இருந்துச்சாம். அதுல இருபது வீடு முள்ளு வச்சு அடைச்சுக் கெடந்துச்சாம். ஏன்? தண்ணி இல்ல.

மழை பெய்யாமலா இருந்துச்சு? பெய்யும். ஐப்பசியில பெய்யும், ஊருணி ரொம்பும். கார்த்திகையில பாதியாப் போகும். பொங்கப்பானைக்கு ஊத்த இருக்கும். மாசி பொறந்துச்சுன்னா தவளை கூட ஊரக் காலி பண்ணிரும். அதுக்குப் பெறகு பொம்பளைக நாலு மைலு நடந்து ஓடக்கெணத்துல தண்ணி எடுக்கணும். போக நாலு, வர நாலு. இடுப்புல ஒரு குடம், தலையில ஒரு குடம்.

இதுக்கு ஊரு என்ன செஞ்சுச்சு? தோண்டுச்சு. வருசா வருசம் ஆவணியில தோண்டுச்சு. வீட்டுக்கு ஒரு பங்குன்னு அளந்து விட்டு, யாரு பங்கு ஆழமோ அவுகளுக்குக் கோயில்ல மொத மரியாதை. தண்ணி நிக்கலையா, இன்னும் தோண்டு. அடுத்த வருசம் அதுக்கு முந்தியே வத்திப் போச்சா, இன்னும் ஒரு ஆள் ஆழம் தோண்டு. ஊர்ப்பெரியவரு முத்திருளப்பரு. அவுக தாத்தா தோண்டுன ஆழத்துக்காகவே அவுகளுக்கு ஆழத்தார் வீடுன்னு பேரு. மீச முறுக்குறப்ப எல்லாம் அந்த ஆழத்தச் சொல்லித்தான் முறுக்குவாராம். வெவரம் பத்தாத பெருமை. ஆனா பெருமைக்கு எதுக்குத்தா வெவரம்?

அந்த வருசம் ஊரு கூடி ஒரு முடிவு எடுத்துச்சு. இந்தத் தடவை தோண்டிப் பாப்போம். வர்ற மாசிக்குள்ள தண்ணி வத்துனா, சாமியப் பெட்டியில எடுத்துக்கிட்டு எல்லாரும் கெளம்பிருவோம். முள்ளிக்கரிசல்னு ஒரு ஊரு இனிமே இல்ல. அப்படின்னு முத்திருளப்பரு சொன்னாராம். சொல்லிட்டு அழுதாராம்.

எங்க பூட்டனுக்குப் பாட்டி செவனம்மா அப்ப நெறமாசச் சூலி. எங்க வம்சத்துக்கே மூலம் அவுகதான். மாசியில பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்குட்டுப் போறது, எந்த ஊர்க் கரையில போயி ஒதுங்குறதுன்னு அவுகளுக்கு நெனப்பு பூரா அதுலதான்.

ஊருல பாதி ஆளு போயாச்சுல்ல, தோண்ட ஆளு பத்தல. வழியில போற ஆளு, வேலை தேடுற ஆளு வந்தா வாங்க, மண்ணு சொமந்தா மூணு வேளை கம்மங்கஞ்சின்னு சொல்லி விட்டாக. அதக் கேட்டு வந்தவதான் ஆவுடைத்தாய்.

அவ எந்த ஊரு? எவருக்கும் தெரியாது. கேட்டா, “வேல எங்க இருக்கோ அங்க”ம்பாளாம். தை பொறந்தா ஆத்துப்பக்கம் நெல்லறுப்பு. மாசியில கடலோரம் உப்பளம். பங்குனியில பனங்காட்டுல பதனி காய்ச்ச. ஆனியில சுண்ணாம்புக் காளவாசல்ல கல்லு சொமக்க. ஒரு ஊருல வேல முடிஞ்சா முடிஞ்ச அன்னைக்கே மூட்டையத் தலையில வப்பா. நடந்தா, நடந்தா, நடந்துக்கிட்டே இருந்தா. இப்ப நீங்க வேன்ல போறீக, அவ கால்ல போனா. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவ தலையில ஒரு மூட்டை இருக்கும், காவி ஏறுன பழைய சேலைத் துணியில கட்டுனது. அதுல என்ன இருக்குன்னு ஊருக்கு ஒரே அரிப்பு. தங்கமா, மருந்தா, செய்வினைச் சாமானான்னு பேசிப் பேசி மாளல.

அந்த அரிப்பு அவளுக்கும் உண்டு, வேற மாதிரி. வாயத் தொறந்தா ஏன்தான். பனங்காட்டுல போயி, கலயத்துக்குள்ள ஏன் சுண்ணாம்பு தடவுறீகன்னு கேப்பா. அறுப்புக் களத்துல போயி, மாட்ட ஏன் எடம் சுத்தி விடுறீக, வலம் சுத்தி விட்டா நெல்லு உதிராதான்னு கேப்பா. “கூலிக்காரிக்கு எதுக்குடி ஏன்? மண்ணத் தூக்குனமா, கஞ்சியக் குடிச்சமான்னு இரு”ன்னு வையாத ஊரு இல்லையாம். வைஞ்சாலும் பதில் சொல்ற வரைக்கும் விட மாட்டாளாம். அவளுக்கு ஏன்காரின்னு பேரு வச்சது எங்க ஊருதான். வந்த மூணாம் நாளே வச்சுட்டாக.

மொத நாளு கூடையத் தூக்கி மண்ணக் கரையில கொட்டுனா. ரெண்டாம் நாளு கொட்டுனா. குனிஞ்சு மண்ண எடுத்து நுணுக்கிப் பாத்தா. மூணாம் நாளு கூடைய அப்படியே கீழ வச்சுட்டு, முத்திருளப்பருகிட்ட நேராப் போயி நின்னாளாம்.

“ஐயா, ஏன் தோண்டுறீக?”

அவரு மம்பட்டிய ஊனிக்கிட்டு இவள ஏற எறங்கப் பாத்தாரு. “ஊருணிய எதுக்கு ஆத்தா தோண்டுவாக? தண்ணி நிக்கத்தான்.”

“போன வருசம் தோண்டுனீகளே, நின்னுச்சா?”

“நிக்கல. அதனாலதான் தோண்டுறோம்.”

“அதுக்கு முந்துன வருசம்?”

“அப்ப இதவிடக் கொஞ்சம் நின்னுச்சு.”

“அதுக்கும் முந்தி?”

“எங்க தாத்தா காலத்துல சித்திரை வரைக்கும் கெடக்குமாம்.”

“அப்ப ஆழமில்லாம இருந்தப்ப நின்ன தண்ணி, ஆழமானப்ப ஏன் ஐயா நிக்கல?”

சுத்தி நின்னவன் எல்லாம் மம்பட்டியப் போட்டுட்டு முத்திருளப்பரு மூஞ்சியப் பாக்கான். அவருக்கு வந்துச்சு பாருங்க கோவம். “நாலு நாளைக்குக் கஞ்சி குடிக்க வந்தவ எங்க தாத்தனுக்கே கணக்குச் சொல்றியா? போ, போயி மண்ணத் தூக்கு!”

அவ போனா. மண்ணத் தூக்கல. ஊருணி நடுவுல குழி இருந்துச்சு, ஒரு களத்துமேடு அகலம், ரெண்டு ஆள் ஆழம். ஆழத்தார் வீட்டுப் பங்கு அதுதான். அதுக்குள்ள எறங்குனா. அடியில கருப்பு மண்ணே இல்ல. வெள்ளை வெள்ளையாச் சுக்கான் கல்லு தெரிஞ்சுச்சு. அன்னைக்குக் குடிக்க அவளுக்குக் குடுத்த ஒரு சொம்புத் தண்ணிய அந்தச் சுக்கான் மேல ஊத்துனா. ஊத்துன சத்தம் அடங்குறதுக்குள்ள தண்ணியக் காணோம்.

மறுநாளும் ஒரு சொம்புத் தண்ணி குடுத்தாக. அதையும் குடிக்கல. கரையில இருந்து ஒரு கூடை கரிசமண்ண அள்ளிட்டு வந்தா. இவுக தோண்டி எறிஞ்ச அதே மண்ணு. சுக்கான் மேல, நெல்லு பொடைக்கிற ஒரு சொளகு அகலத்துக்குப் பரப்புனா, பாதித் தண்ணிய ஊத்திக் கொழைச்சா, மிதிச்சா. எப்படி மிதிச்சா? குதிங்கால மொத ஊனி, பெருவெரல் வரைக்கும் அமுக்கி, அந்தப் பாதத்த ஒட்டி மறு பாதம். எடம் விடாம, அவசரப்படாம. வெயிலு சாயிற வரைக்கும் அந்தச் சொளகு அகலத்துலயே நின்னு மிதிச்சாளாம். கரையில நின்னவுக எல்லாம் சிரிச்சாக. “ஏன்காரிக்குக் கிறுக்குப் பிடிச்சுப் போச்சு, ஒத்தையில கும்மியடிக்கா”ன்னாக. மிதிச்சு முடிச்சு நடுவுல லேசாக் குழிவு பண்ணி, மிச்சத் தண்ணிய அதுல ஊத்திட்டு வந்து படுத்துட்டா. ரெண்டு நாளா நாக்குல தண்ணி படல அவளுக்கு. செவனம்மாதான் மனசு பொறுக்காம தன் பங்குல கொஞ்சம் குடுத்தாகளாம்.

விடிஞ்சுச்சு. வேலைக்கு வந்த சனம் பாக்குது. குழிக்குள்ள ஒரு காக்கா ஒக்காந்துருக்கு. குனியுது, நிமிருது. குனியுது, நிமிருது. என்னத்தடா கொத்துதுன்னு எறங்கிப் பாத்தா, தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கு. ஆவுடைத்தாய் நேத்து ஊத்துன தண்ணி, ஊத்துன எடத்துலயே நிக்குது.

அன்னைக்கு எவனும் மம்பட்டியத் தொடல. கரையிலேயே ஊரு கூடிருச்சு. “எங்கத்தா கத்துக்கிட்ட இத?”ன்னு கேட்டாக.

“உப்பளத்துல. அங்க பாத்தியத் தோண்ட மாட்டாக, மிதிப்பாக. மண்ணக் கொழைச்சு, மிதிச்சு, காய விட்டு, திரும்ப மிதிப்பாக. சொட்டுக் கீழ எறங்காது. எறங்குனா உப்பு எப்படி வெளையும்? ஒங்க ஊருணிக்கும் ஒரு அடிமண்ணு இருந்துருக்கு. அத நீங்க தோண்டி எடுத்துட்டீக. கரை மேல மலையாக் குமிச்சு வச்சுருக்கீகளே, அதான் ஒங்க தண்ணி. திரும்ப உள்ள போடுங்க.”

யாத்தே! மூணு தலைமுறையாத் தோண்டுனதத் திரும்பக் கொட்டணுமாம். முத்திருளப்பரு தாத்தா வாங்குன பேரு என்னத்துக்கு ஆகும்? அதையாச்சும் பொறுத்துக்குவாக. அடுத்துச் சொன்னாளே, அதுதான் நெருப்பு. “மண்ணக் கொழைக்கத் தண்ணி வேணும். வீட்டுக்கு அஞ்சு குடம் குடுங்க. மழை வர்ற வரைக்கும் மிதிச்ச மண்ணு வெடிக்காம இருக்க, தெனம் ரெண்டு குடமாச்சும் தெளிக்கணும்”னா.

குடிக்கவே தண்ணி இல்லாத ஊருல மண்ணுல ஊத்தத் தண்ணி கேட்டா எப்படி இருக்கும்? கூச்சல் கெளம்பிருச்சு. முத்திருளப்பரு கையத் தூக்கி எல்லாரையும் அமத்திட்டு அவகிட்டக் கேட்டாராம்: “நீ வழிப்போக்கி. இன்னைக்கு இருப்ப, நாளைக்கு மூட்டையத் தூக்கிருவ. நீ சொன்னதக் கேட்டு நாங்க தண்ணியையும் தொலைச்சுட்டு நின்னா, யார வந்து கேக்கது?”

நெசமான கேள்வி. அவள மாதிரி ஆளுகள எல்லா ஊருலயும் கேக்குற கேள்விதான. ஒங்களையும் கேட்டுருப்பாக.

அவ நேராப் போயி, இந்தா, இந்த வேம்பு நிக்கே, இதுக்கு முந்தி இதே எடத்துல முள்ளு முள்ளா ஒரு ஒடமரம் நின்னுச்சாம், அதுல தன் மூட்டையக் கட்டித் தொங்க விட்டா. “மழை பெஞ்சு இந்தக் குழியில தண்ணி நிக்கத நான் கண்ணால பாக்குற வரைக்கும் இத எறக்க மாட்டேன். நிக்கலைன்னா இதே மரத்துல என்னையும் சேத்துக் கட்டுங்க”ன்னா.

வேலை முடிஞ்சும் அவ ஒரு ஊருல தங்குறது அதுதான் மொதத் தடவையாம். ஆனாலும் ஊரு அசையல. அப்ப செவனம்மா வயித்தப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வீட்டுக்குள்ள போனாக. ஒரு குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு வந்தாக. “தோண்டித் தோண்டி நாசமாப் போனது போதும். எம்பிள்ள இந்த ஊருல பொறந்தாப் பத்தாது, இந்த ஊருல நடக்கணும். இந்தா, எம்பங்கு”ன்னு அந்தத் தண்ணிய மண்ணுல சாச்சுட்டாக. சூலி ஊத்துனதப் பாத்துட்டு மத்தவுக சும்மா நிக்க முடியுமா? ஒவ்வொரு வீடா வந்துச்சு. ஆழத்தார் வீட்டுக் குடம் மட்டும் வரல.

மூணு நாளு மண்ணக் கொட்டுனாக, மூணு நாளு மிதிச்சாக. ஆம்பளை, பொம்பளை, கெழடு கட்டை எல்லாம் வரிசையா நின்னு, குதிங்கால மொத ஊனி, பாதத்த ஒட்டிப் பாதம். ஆவுடைத்தாய் முன்னால மிதிச்சுப் போக, அவ கால் பட்ட எடத்துல இவுக கால். குழி மூடி, ஊருணி தட்டு மாதிரி வழவழன்னு ஆகிருச்சு. கம்மந்தட்டையப் பரப்பித் தண்ணி தெளிச்சு மூடியாச்சு. இனி மழைதான்.

மழை வரல.

புரட்டாசி பாதி போச்சு, மழை வரல. முழுசும் போச்சு, வரல. கெழக்க மேகம் கூடும், ஒரு காத்தடிக்கும், கலைஞ்சு போகும். வீடுகள்ல பானை காஞ்சுச்சு. சனம் அவளத் திட்ட ஆரம்பிச்சுருச்சு. ஒருத்தன், மூட்டையில என்னதான் வச்சுருக்கா பாப்போம்னு மரத்துல ஏறி அவுத்தே பாத்துட்டானாம். என்ன இருந்துச்சுங்கற? ஒரு மாத்துச்சேலை. ஒரு கருக்கருவா. ஒரு கொட்டாங்கச்சி. அவ்வளவுதான். ஒருத்தி ஒலகம் பூராச் சுத்தி இவ்வளவுதான் சேத்தாளான்னு அவனுக்கே ஒரு மாதிரியாப் போயி, பழையபடி கட்டி வச்சுட்டு எறங்கிட்டானாம்.

அவ என்ன செஞ்சா? விடியறதுக்கு முன்ன ஓடக்கெணத்துக்குப் போவா. போக நாலு, வர நாலு. தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம். வந்து தலைக்குடத்தச் செவனம்மா வீட்டுல எறக்குவா. இடுப்புக்குடத்தக் கொண்டு போயி ஊருணித் தட்டையில தெளிப்பா. திரும்ப மத்தியானம் ஒரு நடை. நடந்தா, நடந்தா, நடந்துக்கிட்டே இருந்தா. இந்தத் தடவை ஒரே ஊருக்குள்ள.

செவனம்மாவுக்குப் பிள்ள பொறந்துச்சு, ஆம்பளப்பிள்ள. பிள்ளையக் குளிப்பாட்டுன மொதத் தண்ணி அவ கொண்டாந்த தண்ணிதான்னு சொல்லுவாக.

ஒரு நா மத்தியானம் முத்திருளப்பரு வழி மறிச்சுட்டாரு. “கொடத்தக் கீழ வை. ஊரே நாக்கு வறண்டு கெடக்கு. நீ வெறும் மண்ணுல தண்ணி ஊத்துற. இனி ஒரு சொட்டு ஊத்தக் கூடாது.”

அவ குடத்த எறக்கல. “இது ஊர்த்தண்ணி இல்ல ஐயா. நான் சொமந்தது.”

“மழை வராது. நீ தோத்துட்ட. ஒத்துக்கிட்டுப் போ. ஒருத்தரும் ஒன்னைய மரத்துல கட்ட மாட்டோம்.”

“நான் போறது பெருசில்ல. தெனம் போறவதான. மழை நாளைக்கு வந்து, இன்னைக்கு மண்ணு வெடிச்சிருந்தா? ஐயா, நீங்க ஒருக்கா உள்ள எறங்கிப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, போயிறேன்.”

வேண்டா வெறுப்பா எறங்குனாராம். தட்டையத் தூக்கிப் பாத்தாரு. வெளிய நெலம் பூரா ஆளு கால் போற அளவுக்கு வெடிப்பு. இங்க ஒரு கீறல் இல்ல. கைய வச்சாரு, குளுந்து கெடந்துச்சு. பெறகு, “எங்க தாத்தாவும் நல்லது நெனச்சுத்தான் தோண்டுனாரு”ன்னாராம். “தெரியும் ஐயா”ன்னாளாம் அவ. அவரு வேட்டியத் தார்பாச்சிக் கட்டிக்கிட்டு அவ பக்கத்துல நின்னு மிதிக்க ஆரம்பிச்சாரு. மறுநாளு அவளுக்கு முந்தி ஓடக்கெணத்துல போயி நின்னது ஆழத்தார் வீட்டுக் குடம்.

அதுக்கு ஆறாம் நாளு மழை. சும்மா மழையா? மானத்துல எவனோ மடை தொறந்து விட்ட மாதிரி ரெண்டு நாளு. சனம் நனைஞ்சுக்கிட்டே கரையில நின்னுச்சு. தண்ணி ஏறுச்சு. மழை விட்டுச்சு. எறங்குதா, எறங்குதான்னு கரையில குச்சி ஊனிப் பாத்தாக. ஒரு நாளு, பத்து நாளு, ஒரு மாசம். குச்சி நனைஞ்ச எடத்துலயே தண்ணி நிக்கி. மாசி வந்துச்சு, தவளை கத்துச்சு. ஊரு கெளம்பல. அடைச்சுக் கெடந்த வீடுகள்ல ஒண்ணு ரெண்டு தொறந்துச்சு.

அவ அது வரைக்கும் இருக்கல. மழை விட்ட அஞ்சாம் நாளு மூட்டைய எறக்கிட்டா. ஊரே வந்து மறிச்சுச்சு. வீடு தாரோம், நெலம் தாரோம், ஒனக்கு இனி கோயில்ல மொத மரியாதை, இங்கனயே இருந்துருன்னு கெஞ்சுச்சு. மாட்டேன்னுட்டா.

அப்ப முத்திருளப்பரு கேட்டாராம். இத்தன நாளு அவ மத்தவுகளக் கேட்டத, மொதத் தடவையா அவகிட்டத் திருப்பிக் கேட்டாரு: “ஏன் ஆத்தா?”

அவ சிரிச்சாளாம். “உப்பளத்துல எனக்கு மிதிக்கச் சொல்லிக் குடுத்தவளும் என்ன மாதிரி வழிப்போக்கிதான் ஐயா. அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு கேக்க மறந்துட்டேன். அது அரிச்சுக்கிட்டே கெடக்கு. போயிக் கேட்டுட்டு, அடுத்த ஆவணிக்கு மிதிக்க வாரேன். வருசம் ஒருக்கா மிதிச்சாத்தான் மண்ணு தாங்கும்”னா. செவனம்மா பிள்ளைய ஒரு தடவை வாங்கி வச்சுக்கிட்டு, திருப்பிக் குடுத்துட்டு நடந்தா. நடந்தா, நடந்தா, நடந்துக்கிட்டே இருந்தா.

அடுத்த ஆவணி வந்துச்சு. மிச்சத் தண்ணிய எறைச்சு வீட்டுக்கு வீடு பிரிச்சு வச்சுட்டு, மிதிக்க ஊரு காத்துருந்துச்சு. அவ வரல. அவ வராம மொதக் கால யாரு வைப்பா? ஆவணி போச்சு, புரட்டாசி பொறந்துச்சு. சேறு காயுது, ஓரமெல்லாம் கீறல் விடுது. செவனம்மா இடுப்புல பிள்ளைய வச்சுக்கிட்டு தெனம் ரோட்டப் பாத்து நிப்பாகளாம்.

அன்னைக்கு அந்த வழியா ஒருத்தன் வந்தான். சாணை பிடிக்கிறவன். சக்கரத்தத் தோள்ல தூக்கிக்கிட்டு, அருவா தீட்டணுமா, கத்தி தீட்டணுமான்னு கூவிக்கிட்டு வாரான். செவனம்மா அவன் முன்னால போயி நின்னாக. “அண்ணே, ஒங்களுக்கு எந்த ஊரு?” “வேல எங்க இருக்கோ அங்க தாயி”ன்னானாம்.

செவனம்மாவுக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. ஊரப் பாத்துத் திரும்பிச் சொன்னாக: “அவ வந்துட்டா.” அவன் ஆம்பளடின்னு யாரோ சொன்னாகளாம். “இருக்கட்டும், அவ வந்துட்டா”ன்னு சொல்லி, அவன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி மொதக் கால வைக்கச் சொன்னாக.

அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அதுதான் வழக்கம். புரட்டாசி மொத வெள்ளிக்குத் தண்ணிய எறைச்சிருவோம். வேலை தேடி ஊரு ஊராப் போற ஆளு யாராச்சும் வரணும். வந்து மொதக் கால வைக்கணும். அவுக மிதிச்ச தடத்துலதான் நாங்க மிதிப்போம். இந்த ஊருணிக்கு ஏன்காரி ஊருணின்னு பேரு. மிதிச்சவுகளுக்குப் பருப்புச்சோறு உண்டு, இன்னொரு உரிமையும் உண்டு. எங்க ஊரப் பத்தி ஒரே ஒரு ஏன் கேக்கலாம். என்ன கேட்டாலும் ஊரு நெசத்தச் சொல்லணும், ஒளிக்கக் கூடாது. ஒரு வருசம் வளையல்காரி ஒருத்தி, பொம்பளைக தண்ணி எடுக்குற படிய ஏன் உச்சி வெயில்ல வச்சுருக்கீகன்னு கேட்டா. ஒருத்தருக்கும் பதில் தெரியல. அதுக்காக நட்டதுதான் நீங்க ஒக்காந்துருக்கிற இந்த வேம்பு. போன வருசம் கரண்டு எடுக்குற காத்தாடி நட வந்த ஒடிசாக்காரப் பையன் மொதக் கால வச்சான். அவன் என்ன கேட்டான்னு அவன் பாசையில ஒருத்தருக்கும் வெளங்கல. இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்.

அவ திரும்பி வரலைன்னு நாங்க எங்கயும் சொல்றதில்ல தாயி. வருசா வருசம் வாரா. சாணைக்காரனா வந்தா, வளையல்காரியா வந்தா, போன வருசம் ஒடிசாவுல இருந்து வந்தா.

இந்த வருசம் வெள்ளிக்கெழமை தண்ணிய எறைச்சோம். சனி போச்சு, ஞாயிறு போச்சு. ஒரு ஆளு வரல. இப்பல்லாம் எல்லாரும் பைபாஸ்லயே பறந்துர்றாக. சேறு காயுது, அங்க பாருங்க கீறல் விட ஆரம்பிச்சுருச்சு. கெழக்க மேகம் வேற கூடிக்கிட்டு வருது. எனக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல. ஊருல பெரியவன்னு இருக்கிறது நான்தான். செவனம்மா பிள்ளையோட பேரனுக்குப் பேரன். என் காலத்துல இது நின்னு போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கட்டையில போறது?

சரியா அந்த நேரம் பாத்து ஒங்க வேன் இங்கன வந்து நின்னுச்சு. பதினாலு பேரு! இருபத்தெட்டுக் காலு!

எந்திரி மலையரசி. மொத ஏன் கேட்டவ நீதான், மொதக் காலும் ஒன்னோடதுதான். செருப்பக் கழத்திக் கரையில வை. சேலைய எடுத்துச் சொருகு. குதிங்கால மொத ஊனு தாயி, ஆங், அப்படித்தான். கொலவ போடுங்கடி, அவ வந்துட்டா!

என்ன? இப்பவே ஒன் ஏன் கேக்கணுமா? கேளு. கோயிலக் கேளு, கொளத்தக் கேளு, நான் ஏன் ரெண்டு கலியாணம் கட்டுனேன்னு கூடக் கேளு, நெசத்தச் சொல்லிருவேன். ஒரு ஒடமரமும் இல்லாத அந்தத் தார்ரோட்டு நடுவுல, ஒங்க டயரக் குத்துன ஒடமுள்ளு ஏன் கெடந்துச்சுன்னு மட்டும் கேட்டுறாத தாயி. ஊரு முன்னால நான் நெசத்தச் சொல்ல வேண்டியதாயிரும்.